கண்ணை மூடிக்கொண்டு கண்டிக்கிறவர்

ஜெபத்தில் திட்டுகிறவர் என்று ஒரு வகை மனிதர் இருக்கிறார். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், அவர் வேலையில் இறங்கும் நேரத்தில் நீங்கள் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம்.

மற்ற நேரங்களில் இவரை அடையாளம் காண்பது கடினம். சாதுவாக இருப்பார். பிள்ளைகளை அடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், மேசைமேல் பாலைக் கொட்டினால்கூட "பரவாயில்லம்மா" என்று சொல்லி அவரே துணியை எடுத்துவந்து துடைப்பார். எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று நீங்கள் வியந்துபோவீர்கள். அவசரப்படாதீர்கள். பால் கொட்டிய வழக்கு மாலை ஏழு மணிக்கு விசாரணைக்கு வரும்.

ஏழு மணிக்கு வீட்டார் எல்லோரும் முன்னறையில் கூடி, ஒரு பாட்டைப் பாடி, வேதத்தில் ஒரு பகுதியை ஆளுக்கு இரண்டு வரியாக வாசித்து, முழங்காலில் நின்று, கையைக் குவித்து, கண்ணை மூடி, இனிமேல் யாரும் எழுந்து ஓடவோ எதிர்த்துப் பேசவோ முடியாது என்பது உறுதியான பிறகு, அவர் மெல்லிய குரலில் ஆரம்பிப்பார்.

"அன்பின் ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். சுகம் தந்தீரே, ஸ்தோத்திரம். உணவு தந்தீரே, ஸ்தோத்திரம். பால் தந்தீரே, ஸ்தோத்திரம். அந்தப் பாலை, ஆண்டவரே, ஒரு கையில் கதைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடிக்கிறவர்கள் எங்களில் உண்டு என்பதை நீர் அறிவீர்."

எங்களில் உண்டாம்! வீட்டில் இருப்பதே நான்கு பேர். அதில் பால் குடிப்பது ஒருத்திதான்.

'நீர் அறிவீர்' என்பது இவர்களுடைய முத்திரை வாக்கியம். எல்லாம் அறிந்தவர் என்று இரண்டு நிமிடம் முன்புதான் பாட்டாகவே பாடியிருப்பார்கள். இருந்தாலும் கிழமை, நேரம், எந்த அறை, என்ன நிறத் துண்டு, கட்டிலின் எந்தப் பக்கம் ஈரமாகக் கிடந்தது என்பதுவரை விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் 'நீர் அறிவீர்' என்று முடிப்பார்கள். மேலே இருக்கிறவருக்கு ஞாபகமறதி என்று நினைப்போ என்னவோ.

இன்னொரு அடையாளமும் உண்டு. பிள்ளை பரிசு வாங்கிய நாளில் 'எங்கள் பிள்ளை' என்று ஜெபிப்பார்கள். சன்னல் கண்ணாடியை உடைத்த நாளில் 'உம்முடைய பிள்ளை' என்று ஜெபிப்பார்கள். ஒரே நாளில் இரண்டும் நடந்துவிட்டால் பாதி ஜெபத்தில் உரிமை மாறும்.

இந்த வகையில் தாய்மார்களும் இருக்கிறார்கள், அத்தைமார் இருக்கிறார்கள், ஞாயிறு வகுப்பு ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆனாலும் இனத்தின் சகல லட்சணங்களும் ஒருவரிடமே பொருந்தி வந்ததை நான் கண்டது எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம்தான். தனியாக இருக்கிற கிழவன் என்று இரக்கப்பட்டு அவர்கள் என்னைத் தினமும் மாலை ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து வருடமும் நான்கு மாதமும் போயிருக்கிறேன். மழை அளக்கும் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் பதிவேடு எழுதியவன் நான். எது பெய்தாலும் அளந்து எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. டாக்டரின் ஜெபத்தையும் அப்படித்தான் அளந்தேன். சாதாரண நாளில் ஆறு நிமிடம். பள்ளியிலிருந்து மதிப்பெண் அட்டை வரும் நாளில் பதினொன்று. நேரம் பார்க்க ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இனிமேல் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கண் கண்டதுதான்.

டாக்டர் நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளைகள் யோக்கியமாக வளர வேண்டும், யாரும் பார்க்காத இடத்திலும் சரியானதைச் செய்ய வேண்டும், அடிக்குப் பயந்து நடக்காமல் உள்ளே இருந்து ஒரு குரல் சொல்லி நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. இதைவிட நல்ல ஆசை ஒரு தகப்பனுக்கு என்ன இருக்க முடியும்? தொழில்தான் அவரைக் கெடுத்தது. பல் டாக்டரிடம் போனவர்களுக்குத் தெரியும். வாயை அகலமாகத் திறக்கச் சொல்லி, பஞ்சும் குழாயும் கண்ணாடியும் உள்ளே நுழைத்து, நாக்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "ராத்திரி பல் தேய்க்கிறதில்லையோ?" என்று கேட்பார். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "ஆ" என்பீர்கள். ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார். இருபது வருடமாகப் பகல் முழுக்க, பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகிய மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்து வேறு எப்படிப் பேசுவார்?

வீட்டார் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டரின் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவர், சத்தம் போடாமல் சண்டை போடுவதில் தேர்ந்தவர். டாக்டருக்கு அடுத்ததாக ஜெபிப்பது அவர்தான்.

"ஆண்டவரே, ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறே முக்காலுக்கு வருகிறவர்களையும் நீர் பொறுத்துக்கொள்ளுகிறீர். எங்களுக்கும் அந்தப் பொறுமையைத் தாரும்."

டாக்டரின் இடது புருவம் மேலே போகும். கண்ணை மட்டும் திறக்கமாட்டார். இருவரும் ஒரே நீதிபதியிடம் வாதாடும் இரண்டு வக்கீல்களைப் போல, மாதக்கணக்கில், ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமலே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மூத்தவனுக்குப் பதினான்கு வயது. பந்து விளையாட்டு என்றால் உயிர். அவன் ஒரு யுக்தி வைத்திருந்தான். அப்பா மூச்சு வாங்க நிறுத்துகிற இடம் பார்த்துக் கணீரென்று "ஆமென்!" என்று போடுவான். பத்தில் ஒரு தடவை பலிக்கும். மற்ற ஒன்பது தடவையும் டாக்டர், "மேலும் ஆண்டவரே, ஜெபத்தில் பொறுமை இல்லாதவர்களை..." என்று புதிய அத்தியாயம் தொடங்குவார்.

சின்னவளுக்கு எட்டு வயது. அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பொய் சொல்லமாட்டாள். ஏதோ கட்டுப்பாட்டுக்காக அல்ல, அது அவளுக்கு வராது, அவ்வளவுதான். என் வீட்டு ரோஜாச் செடியை ஒடித்துவிட்டு, நான் கவனிப்பதற்கு முன்பே கதவைத் தட்டி, "தாத்தா, ஒரு கெட்ட விஷயம் சொல்லணும். உக்காந்துக்கோங்க" என்று சொன்னவள். இந்தக் கதையில் தொலையப் பார்த்தது அவளுடைய அந்தக் குணம்தான். பல் செட் இரண்டாம்பட்சம்.

பல் செட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவருக்கு எழுபத்தொரு வயது. 'உச்சஸ்தாயி' என்றால்தான் யாருக்கும் தெரியும். அவருக்கு மேல்வரிசைப் பற்கள் முழுவதும் போய்விட்டன. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவர் தனியாகப் பாட வேண்டியிருந்தது. டாக்டர் இரவு பகலாக உழைத்து ஒரு மேல் செட் செய்து முடித்து, அதன் அழகில் தானே மயங்கி, திங்கட்கிழமை மாலை மனைவிக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தார். நானும் பார்த்தேன். ஒரு சின்ன வெள்ளை டப்பாவுக்குள் பதினான்கு பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அலமாரியில் வைத்ததாக டாக்டருக்கு ஞாபகம்; செவ்வாய் காலை டப்பாவைக் காணோம்.

கேட்டிருக்கலாம். "டப்பாவைப் பாத்தியாம்மா?" என்று இரண்டு சொல் போதும். நம் ஆள் கேட்பாரா? ஏழு மணிவரை காத்திருந்தார்.

"ஆண்டவரே, எங்கள் வீட்டு அலமாரியை யாருடைய சிறு கைகள் திறந்தன என்பதை நீர் அறிவீர். அந்த இருதயத்தோடு நீரே பேசும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்."

கேட்கமாட்டேன் என்பதைப் பதினான்கு நிமிடம் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஜெபத்தைக் குலைத்ததாகும்.

புதன்கிழமை இருபத்திரண்டு நிமிடம். அன்று உச்சஸ்தாயியின் வயதையும் பல் இல்லாமல் அவர் படும் பாட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்லி ஜெபித்ததில், டாக்டரே கண்ணைத் திறக்காமல் கைக்குட்டையைத் தேடினார். சின்னவள் அழுதாள். தாத்தாவுக்குப் பல் இல்லையே என்று அழுதாள். டாக்டர் கண் மூடியிருந்தாலும் காது மூடவில்லை. விசும்பல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டார். குற்ற உணர்ச்சி வேலை செய்கிறது என்று முடிவு கட்டினார்.

அதோடு ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் சூப்பைக் கலக்கிக்கொண்டே, "நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஆழமா ஜெபிக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தை மூத்தவனை உலுக்கிவிட்டது. வியாழக்கிழமை ஏழேகால் மணிக்கு அவனுக்குப் பந்து ஆட்டம்.

வியாழன் மாலை பள்ளி விட்டு வந்ததும் அண்ணனும் தங்கையும் வாசல் படியில் உட்கார்ந்து பேசியதை, எதிர்ச் சன்னலில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் கேட்காமல் இருக்க வழியில்லை.

"இங்க பாரு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் செஞ்சோம்னு சொல்லிட்டா முடிஞ்சுது. உடனே ஆமென்."

"ஆனா நாம செய்யலையே அண்ணா."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியணும்ல? தெரியவைக்க முடியுமா? எப்ப பேசுவே? கண்ணை மூடிட்டு இருக்கும்போதா?"

சின்னவள் யோசித்தாள். "ஜெபம் முடிஞ்சப்புறம் சொல்லலாமே?"

"நேத்து நான் சொன்னேன். 'பரவாயில்லப்பா, அவசரமில்ல, ஆண்டவர் உணர்த்துவார்'னுட்டு தோளைத் தட்டிட்டுப் போறாரு. சொன்னா நம்பினாத்தானே?"

சீட்டுப் போட்டார்கள். வேதத்தில் புயலில் மாட்டிக்கொண்ட கப்பல்காரர்கள் செய்ததாக ஞாயிறு வகுப்பில் படித்த வழிதான். மூத்தவன் இரண்டு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி, மடித்து, தொப்பியில் போட்டுக் குலுக்கினான். சின்னவள் ஒன்றை எடுத்தாள். அவள் பெயர்.

"சரி, நல்லாக் கேட்டுக்கோ. எடுத்து விளையாடினேன், கீழே விழுந்து உடைஞ்சிருச்சு, பயந்துபோய்க் குப்பையில போட்டுட்டேன். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமையே போயிடுச்சு, அதனால யாரும் தேடமாட்டாங்க. எங்க, ஒரு தடவை சொல்லு?"

அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் 'உடைஞ்சிருச்சு' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். நான்காவது தடவை வந்துவிட்டது.

அன்று மாலை, "ஆண்டவரே..." என்று டாக்டர் ஆரம்பித்த நாற்பதாவது விநாடியில், "அப்பா, நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது. கதை ஒப்பிக்கப்பட்டது. டாக்டர் கண்ணீர் மல்க அவளைக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய ஸ்தோத்திரம் சொல்லி முடித்தார். மொத்தம் நான்கு நிமிடம். அந்த வருடத்திலேயே குறைந்த அளவு. மூத்தவன் காலணியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினான்.

"பாத்தியா," என்றார் டாக்டர் மனைவியிடம். "ஒரு அடி அடிக்கலை. ஒரு சத்தம் போடலை. மனசாட்சியே பேசிடுச்சு."

மனைவி மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். "அவ முகம் சரியில்லைங்க" என்றார் மனைவி.

"மனந்திரும்பின முகம் அப்படித்தான் இருக்கும்."

வெற்றி பெற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னார். போதகர் மகிழ்ந்து, ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடக்கிற பெற்றோர் கூட்டத்தில், 'பிள்ளைகளின் மனசாட்சியை வளர்ப்பது எப்படி?' என்று இருபது நிமிடம் பேசும்படி கேட்டுக்கொண்டார். அன்றிரவே டாக்டர் நான்கு குறிப்புகள் எழுதினார். செய்த தவறுக்கு விளைவும் இருக்க வேண்டும் என்பது மூன்றாவது குறிப்பு. அதன்படி, ஞாயிறு குழந்தைகள் நிகழ்ச்சியில் முதல் வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய சின்னவள் அதைச் சொல்லக்கூடாது. சனிக்கிழமை உச்சஸ்தாயியை வீட்டுக்கு அழைத்து அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏழு வாரம் ஒத்திகை பார்த்த ஒரே ஒரு வாக்கியம். அவள் தகராறு செய்யவில்லை. அதைப் பார்த்து டாக்டர், பக்குவம் வந்துவிட்டது என்று ஐந்தாவது குறிப்பு ஒன்றையும் சேர்த்தார்.

எனக்குத் தெரிந்ததை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? வெள்ளிக்கிழமை டாக்டரிடம் ஆரம்பித்தேன். "டாக்டர், நம்ம பாப்பா..." என்றேன். "அதுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க ஐயா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு உச்சஸ்தாயி வந்தார். மேல் பல் இல்லாததால் கன்னம் உள்ளே போயிருந்தது, குரல் மட்டும் குறையவில்லை. சின்னவளை முன்னறையின் நடுவில் நிறுத்தினார்கள். ஒப்பித்தாள்.

"உங்க பல்லை எடுத்து விளையாடினேன் தாத்தா. கீழே விழுந்து உடைஞ்சிருச்சு. பயந்துபோய்க் குப்பையில போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"அட, இதுக்கென்ன இப்போ!" என்று கிழவர் சிரித்தார். "நான்கூடச் சின்ன வயசுல எங்க தாத்தா பல்லை எடுத்து நாய்க்கு மாட்டிப் பாத்திருக்கேன். எங்கே, எத்தனை துண்டா உடைஞ்சுது?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"...நாலு?"

"நடுவுல ஒரு தங்கப் பல்லு வெச்சிருந்தாரே உங்க அப்பா, அது என்ன ஆச்சு?"

"அதுவும் உடைஞ்சிருச்சு."

கிழவர் சிரிப்பை நிறுத்தினார். முப்பது வருடமாகப் பாடகர் குழு நடத்துகிறவர். இருபத்தைந்து பேர் சேர்ந்து பாடும்போது எவர் பாடாமல் வாயை மட்டும் அசைக்கிறார் என்று கண்டுபிடிக்கிற காது அவருக்கு.

"டாக்டர்," என்றார் மெதுவாக, "தங்கப் பல்லு வெச்சீங்களா எனக்கு?"

"இல்லையே. எல்லாம் வெள்ளைதான்."

"அப்போ இந்தப் பாப்பா என் பல்லைக் கண்ணாலயே பாத்ததில்ல."

டாக்டர் முழங்கால் போட்டு மகள் உயரத்துக்கு இறங்கினார். பகல் நேரத்தில், கண்ணைத் திறந்துகொண்டு, அவர் முழங்கால் போட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"பாப்பா, நீ எடுக்கலையா?"

"இல்லப்பா."

"பின்ன ஏன்மா எடுத்தேன்னு சொன்னே?"

"அப்பத்தானே ஜெபம் முடியும்?"

டாக்டரின் மனைவி, நூலகத்தில் சிரிப்பை அடக்குகிறவர்கள் செய்வதுபோல, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அது சிரிப்புத்தானா என்று எனக்கு நிச்சயமில்லை.

அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. சலவைக் கடைக்காரர் நின்றிருந்தார். செவ்வாய்தோறும் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகளை எடுத்துப்போய், சனிக்கிழமை துவைத்துத் தேய்த்துக் கொண்டுவருவார். ஒரு கையில் கோட்டுகள். மறு கையில், தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் பாட்டில். அதற்குள் பதினான்கு பற்கள்.

"டாக்டர், உங்க கோட்டுப் பையில டப்பாவோட இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை நானே கையால எடுத்தேன். நல்லவேளை, மிஷின்ல போட்டிருந்தா துணியெல்லாம் கடிபட்டிருக்கும்." அவரே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "காயக்கூடாதுன்னு தண்ணியில போட்டு வெச்சேன். எங்க மாமனாருக்கும் இப்படித்தான் வெப்போம். நாலு நாளா கல்லாப் பக்கத்துலதான் இருந்துச்சு. வர்றவங்க எல்லாம் பயந்துட்டு ஒழுங்காப் பேசினாங்க... என்னங்க, ஏதாவது தப்பான நேரத்துல வந்துட்டேனா?"

"இல்ல," என்றார் டாக்டரின் மனைவி. "சரியான நேரம்."

சலவைக்குப் போடும் முன் அவரவர் பையை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தை இயற்றியவர் டாக்டர். அதை ஒட்டி மூன்று ஜெபங்கள் நடந்ததற்கு என்னிடம் தேதியோடு குறிப்பு இருக்கிறது.

உச்சஸ்தாயி அங்கேயே பல்லை மாட்டி, ஒரு சுரம் பாடிப் பார்த்து, சின்னவளின் தலையைத் தடவிவிட்டு, வேறு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார். பெரிய மனிதர்.

அன்று மாலை ஏழு மணி. பாட்டு முடிந்தது. வாசிப்பு முடிந்தது. எல்லோரும் முழங்காலில். டாக்டர் தொண்டையைச் செருமினார். நான் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"அன்பின் ஆண்டவரே, இந்த வீட்டில் சில காரியங்கள் நடந்துவிட்டன. எங்களில் சிலர் அவசரப்பட்டிருக்கலாம். சிறியவர்களின் மனம் புண்பட நேர்ந்திருக்கலாம் என்பதை நீர் அறிவீர்..."

பார்த்தீர்களா? ஆள் உள்ளபடியே வருந்துகிறார். ஆனாலும் 'நேர்ந்திருக்கலாம்', 'நடந்துவிட்டன', 'சிலர்'! மழை தானாகப் பெய்கிறதுபோல இவர்களுடைய தவறுகளும் தானாகவே நடந்துவிடுகின்றன. பிள்ளையின் தவறுக்குத்தான் கையும் காலும் கிழமையும் நிறமும் உண்டு.

இரண்டு நிமிடம் போயிருக்கும். சின்னவள் நகர்ந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா."

"ஜெபம் நடக்குதும்மா."

"யாருக்குச் சொல்றீங்க? எனக்கா, ஆண்டவருக்கா?"

டாக்டரின் இடது புருவம் மேலே போனது.

"எனக்குன்னா, கண்ணைத் திறந்து சொல்லுங்கப்பா."

டாக்டர் கண்ணைத் திறந்தார். எதிரே எட்டு வயது முகம், மிக அருகில், முழுசாக விழித்துக்கொண்டு. இருபது வருடமாக எதிராளியின் வாயை மட்டுமே பார்த்தவர், கண்ணைப் பார்க்கத் திணறினார். பதினேழு விநாடி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதினேழும் அவருடைய மிக நீண்ட ஜெபத்தைவிட நீளமாக இருந்தது எனக்கு.

"பாப்பா," என்றார். "பல்லைத் தொலைச்சது அப்பாதான். உன்னை ஒரு வார்த்தை கேக்காம நீதான்னு நினைச்சேன். பொய் சொல்லாத பிள்ளையைப் பொய் சொல்ல வெச்சுட்டேன். அப்பா பண்ணினது தப்பு. மன்னிச்சுக்கோம்மா. நாளைக்கு முதல் வாக்கியம் நீதான் சொல்லணும்."

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். சும்மா தலையாட்டுகிற பெண் அல்ல.

"சரிப்பா. நானும் பொய் சொன்னேன். சாரி."

அதோடு முடிந்தது என்று நானும் எழப்போனேன். அப்போது மூலையிலிருந்து இருமல் சத்தம். மூத்தவன் காது வரை சிவந்திருந்தான்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான். "சீட்டு ரெண்டுலயும் அவ பேரைத்தான் எழுதினேன்."

"டேய்!" என்று கத்திக்கொண்டு சின்னவள் தலையணையை எடுத்தாள். அம்மா நடுவில் புகுந்தார். முழங்காலில் ஆரம்பித்த ஜெபம் தலையணைச் சண்டையில் முடிந்ததற்கு என் பதிவில் முன்னுதாரணம் இல்லை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டு விஷயத்தை யாரும் சந்தேகப்படவில்லை. யாரும் குத்திக்காட்டி ஜெபிக்கவில்லை. நாற்பது நிமிட ஜெபத்தில் வெளிவராதது, அப்பா நேராகப் பார்த்துப் பேசிய அரை நிமிடத்தில் தானாக வெளியே வந்துவிட்டது. மனசாட்சி என்பது வீட்டில் பெரியவர்களிடமிருந்துதான் தொற்றும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தன் வாக்கியத்தைக் கணீரென்று சொன்னாள். உச்சஸ்தாயி பதினான்கு பல்லும் தெரியப் பாடினார். பெற்றோர் கூட்டத்தில் டாக்டர் எழுந்து, ஐந்து குறிப்புகள் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, திங்கள் முதல் சனி வரை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். எட்டு நிமிடம். தன்னை 'சிலர்' என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அடியோடு மாறிவிட்டாரா என்று கேட்காதீர்கள். புதன்கிழமையே, "ஆண்டவரே, குளியலறை விளக்கை அணைக்காமல் வருகிறவர்களை..." என்று ஆரம்பித்தார். "அப்பா, கண்ணு" என்றது ஒரு குரல். டாக்டர் கண்ணைத் திறந்து, "டேய், விளக்கை அணைச்சியா?" என்றார். "அணைச்சேன்ப்பா. நீங்கதான் கடைசியாப் போனீங்க" என்றான் மூத்தவன். டாக்டர் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வந்து மறுபடி முழங்காலிட்டார்.

அந்தப் பெற்றோர் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. கூட்டம் கலையும்போது வாசலில் நின்றிருந்தேன். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் இருபத்தாறு பேர். "பிரமாதம் டாக்டர், எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வராமப் போயிட்டாரே" என்றவர்கள் ஒன்பது பேர். "என் மைத்துனன் கேட்டிருக்கணும்" என்றவர்கள் ஆறு. "எங்க அண்ணிக்கு இதை அப்படியே சொல்றேன்" என்றவர்கள் நான்கு. மற்ற ஏழு பேர் வேறு வேறு உறவினர்களின் பெயரைச் சொன்னார்கள். "இது எனக்கு" என்றவர் ஒருவரும் இல்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல என்று எனக்குத் தெரியும். ஒருவேளை நீங்கள் ஜெபமே செய்யாதவராக இருக்கலாம். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் தங்கையிடம், பிள்ளைக்குக் கேட்கிற தூரத்தில், கொஞ்சம் உரக்கச் சொல்கிறவராக மட்டும் இருக்கலாம். அல்லது பூனையிடம். அதுவும் இல்லையா? மிக்க மகிழ்ச்சி. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, நடுவில் எங்கேயாவது ஓரிடத்தில், 'இதைக் கத்தரித்து அவர் கண்ணில் படுகிறமாதிரி மேசைமேல் வைக்க வேண்டும்' என்று ஒருவருடைய முகம் உங்கள் மனதில் வந்துபோயிருந்தால், தயவுசெய்து கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, போய்க் கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள்.